ஒரே சிப், இரண்டு ஒப்பந்தம்: சி மொழியிலிருந்து அசெம்பிளியை அழைப்பது

லினக்ஸில் நன்றாக ஓடும் ஒரு அசெம்பிளி ஃபங்ஷனை (சிப்பின் கட்டளைகளிலேயே நேரடியாக எழுதியதை) எடுத்து விண்டோஸில் சி நிரலோடு லிங்க் செய்து பாருங்கள். பெயர் பொருந்தினால், துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் ஒரு வார்த்தை சொல்லாது. நிரலும் கிளம்பிவிடும். பிறகு ஒன்று உடனே விழும். இல்லையென்றால் தப்பான விடையை நிதானமாக அச்சடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து.

சிப் ஒன்றுதான், கட்டளைகளும் ஒன்றுதான். மாறுவது அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையிலுள்ள ஒப்பந்தம்: எந்த ஆர்கியுமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) எந்த ரிஜிஸ்டரில் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடம்) வரும், எந்த ரிஜிஸ்டரை அழிக்கலாம், எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகமான ஸ்டாக்கில் யாருக்கு எவ்வளவு இடம். இதைத்தான் அழைப்பு மரபு என்கிறோம். சி நிரலைக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். அசெம்பிளியில் அந்தப் பொறுப்பு முழுக்க நம் தலையில்.

நம் குமரி மாவட்டத்தில் இந்தச் சிக்கல் அன்றாடம் வருவதுதான். கல்லூரி ஆய்வகத்தில் உபுண்டு, விடுதி அறையில் விண்டோஸ் மடிக்கணினி. அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலேயே விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த காலம் உண்டு. மேக் வைத்திருப்பவர் வகுப்புக்கு ஒருவர் இருந்தால் அதிகம். அதனால் எடுத்துக்காட்டையும் இங்கிருந்தே எடுக்கலாம்.

பேச்சிப்பாறை அணையின் தினசரி நீர்மட்டம் ஒரு டபுள் (தசம எண்) வரிசையில் இருக்கிறது. முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. 42 அடியைத் தாண்டிய நாள்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். அந்த நாள்களின் மட்டங்களைக் கூட்டி இன்னொரு இடத்தில் எழுதவும் வேண்டும். சி மொழியில் இதற்கு நான்கு ஆர்கியுமென்ட்: வரிசையின் முகவரி, எண்ணிக்கை, எல்லை, கூட்டுத்தொகையை எழுத வேண்டிய முகவரி. முதல், இரண்டாவது, நான்காவது மூன்றும் முழு எண் வகை. மூன்றாவது மட்டும் டபுள். வேண்டுமென்றேதான் இப்படி நடுவில் ஒரு டபுளை வைத்திருக்கிறேன். குட்டு வெளிப்படுவது இங்கேதான்.

64 பிட் இன்டெல், ஏஎம்டி சிப்களில் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, மேக் நான்கும் சிஸ்டம் வி மரபைப் பின்பற்றுகின்றன. முழு எண்களும் முகவரிகளும் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்ற ஆறில் வரும். டபுள் போன்ற மிதவைப் புள்ளி எண்கள் எக்ஸ்எம்எம்0 முதல் 7 வரை, தனி வரிசையில். இரண்டு வரிசையும் ஒன்றையொன்று பார்க்காது. ஆகவே நம் ஃபங்ஷனுக்கு வரிசை ஆர்டிஐயில், எண்ணிக்கை ஆர்எஸ்ஐயில், எல்லை எக்ஸ்எம்எம்0இல், விடை முகவரி ஆர்டிஎக்ஸில்.

விண்டோஸில் ரிஜிஸ்டர் வழி வருவது நான்கே நான்கு: ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9. மிதவை எண்களுக்கு எக்ஸ்எம்எம்0 முதல் 3. இங்கே கணக்கு இடத்தைப் பொறுத்தது. மூன்றாவது ஆர்கியுமென்ட் டபுள் என்றால் அது எக்ஸ்எம்எம்2இல்தான் வரும், ஆர்8 சும்மா கிடக்கும். ஆகவே வரிசை ஆர்சிஎக்ஸ், எண்ணிக்கை ஆர்டிஎக்ஸ், எல்லை எக்ஸ்எம்எம்2, விடை ஆர்9.

ஆர்டிஎக்ஸைக் கவனியுங்கள். லினக்ஸில் அது விடை எழுதும் முகவரி. விண்டோஸில் நாள்களின் எண்ணிக்கை. இரண்டு மரபையும் குழப்பினால் 365 என்ற எண்ணை முகவரியாக எடுத்துக்கொண்டு அங்கே எழுதப் போகும். அது உடனே விழும், நல்லது. ஆனால் எல்லையை எக்ஸ்எம்எம்0இலிருந்து எடுக்கும் தவறு விழாது. முந்தைய கணக்கில் மிச்சமிருந்த ஏதோ ஓர் எண் எல்லையாகிவிடும், விடை பார்க்க நியாயமாகவே இருக்கும்.

எண்ணிக்கைக்கு லாங் என்று எழுதுவது இன்னொரு பொறி. லினக்ஸ், மேக்கில் லாங் 64 பிட். 64 பிட் விண்டோஸில் 32 பிட். 32 பிட் ஆர்கியுமென்ட் வரும்போது ரிஜிஸ்டரின் மேல் பாதியில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அசெம்பிளி முழு 64 பிட்டையும் சுழற்சி எண்ணாக எடுத்தால் ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது. அளவு உறுதியாகத் தெரிந்த 64 பிட் வகையைச் சி அறிவிப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.

எந்த ரிஜிஸ்டரைத் தொடலாம்

இனி நான் சொல்ல வருவதன் மையத்துக்கு வருவோம். பலரும் லினக்ஸில் உள்பகுதியை எழுதிவிட்டு, விண்டோஸுக்காக முகப்பில் ரிஜிஸ்டர்களை இடம் மாற்றுவார்கள். ஆர்சிஎக்ஸை ஆர்டிஐக்கு, ஆர்டிஎக்ஸை ஆர்எஸ்ஐக்கு என்று. இது தலைகீழ் வழி. விண்டோஸில் ஆர்டிஐயும் ஆர்எஸ்ஐயும் அழைக்கப்பட்டவர் காப்பாற்றித் திருப்பித் தர வேண்டியவை. அவற்றைத் தொட்டால் ஸ்டாக்கில் சேமிக்க வேண்டும். சேமித்தால் அதற்கான ஸ்டாக் விவர அட்டவணையும் எழுத வேண்டும். ஒரு சின்னச் சுழற்சிக்கு இத்தனை வேலை எதற்கு?

மாறாக, உள்பகுதியை விண்டோஸ் ரிஜிஸ்டர்களில் எழுதுங்கள். லினக்ஸ், மேக் கட்டமைப்புக்கு மட்டும் முகப்பில் நான்கு வரி: ஆர்டிஎக்ஸை ஆர்9க்கு, ஆர்எஸ்ஐயை ஆர்டிஎக்ஸுக்கு, ஆர்டிஐயை ஆர்சிஎக்ஸுக்கு, எக்ஸ்எம்எம்0ஐ எக்ஸ்எம்எம்2க்கு. இந்த வரிசை மாறக் கூடாது. ஆர்எஸ்ஐயை முதலில் நகர்த்தினால் ஆர்டிஎக்ஸில் இருந்த விடை முகவரி போய்விடும். நகரும் இடங்கள் எல்லாமே இரு மரபிலும் தாராளமாக அழிக்கக்கூடியவை. சேமிப்பும் இல்லை, மீட்பும் இல்லை. ஜிஎஸ்டிக்கு முன்பு கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டிய லாரியில் சரக்கு மாறாது, காகிதம்தான் மாறும், இங்கும் அப்படித்தான்.

இரு மரபுக்கும் பொதுவாக அழிக்கக்கூடியவை இவை: ஆர்ஏஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8 முதல் ஆர்11 வரை, எக்ஸ்எம்எம்0 முதல் எக்ஸ்எம்எம்5 வரை. ஏழு முழு எண் ரிஜிஸ்டர், ஆறு மிதவை ரிஜிஸ்டர். நம் ஃபங்ஷனுக்கு வேண்டியது நான்கும் மூன்றும்தான். இந்தப் பதின்மூன்றுக்குள் முடிகிற மாதிரி உள்பகுதியை வடிவமைத்துவிட்டால் பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்தது.

ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை இரண்டு பக்கமும் காப்பாற்ற வேண்டியவை. இது எல்லோருக்கும் நினைவிருக்கும். மறந்துபோவது எக்ஸ்எம்எம்6 முதல் 15 வரை. சிஸ்டம் வியில் எக்ஸ்எம்எம் எதையும் காப்பாற்ற வேண்டாம்; விண்டோஸில் இந்தப் பத்தையும் காப்பாற்ற வேண்டும். லினக்ஸில் எழுதிப் பழகியவர் எக்ஸ்எம்எம்8ஐத் தயங்காமல் எடுப்பார். விண்டோஸ் கம்பைலர் ஆப்டிமைசேஷன் (நிரலை வேகப்படுத்தும் வேலை) இல்லாதபோது எல்லாவற்றையும் நினைவகத்தில் வைக்கும், தவறு தெரியாது. ஆப்டிமைசேஷன் போட்டதும் அழைப்பவரின் ஒரு டபுள் எக்ஸ்எம்எம்8இல் உயிரோடு இருக்கும். உங்கள் ஃபங்ஷன் அதை மிதித்துவிட்டு வரும். பழி கம்பைலர் மேல் போகும், பாவம்.

உள்பகுதியில் ஒரு நுணுக்கம். அளவு எடுக்காத நாளை எண்-அல்ல என்ற நேன் மதிப்பால் குறிப்பது வழக்கம். அன்றைய மட்டத்தை முதலாகவும் எல்லையை இரண்டாவதாகவும் வைத்து யூகோமிஎஸ்டி கட்டளையால் ஒப்பிட்டு, ஜேபிஇ தாவலால் கூட்டலைத் தவிர்த்தால் நேன் தானே ஒதுங்கிவிடும். ஒப்பிட முடியாதபோது கேரி, ஜீரோ, பேரிட்டி என்று ஒப்பீட்டின் முடிவைக் காட்டும் மூன்று கொடிகளும் ஏறும், ஜேபிஇ தாவும். வரிசையைத் திருப்பி வைத்து ஜேஏஇ போட்டால் தாவாது. ஒரு நேன் கூட்டலுக்குள் நுழைந்து மொத்தத்தையும் நேன் ஆக்கிவிடும். ஜேஎல், ஜேஜி போன்ற குறியுள்ள தாவல்களை இங்கே போடவே கூடாது. மிதவை ஒப்பீடு அந்தக் கொடிகளில் விடை வைப்பதில்லை.

ஸ்டாக்: விழுவது வேறிடத்தில்

மேலே சொன்ன ஃபங்ஷன் யாரையும் அழைப்பதில்லை, ஸ்டாக்கையும் தொடுவதில்லை. அசெம்பிளிக்குள்ளிருந்து மறுபடி சி ஃபங்ஷனை அழைக்க வேண்டி வந்தால் கதை நீளும். முடிந்தவரை அதைத் தவிருங்கள். முடியாதபோது மூன்று விஷயம்.

முதலாவது, 16 பைட் ஒழுங்கு. ஃபங்ஷனை அழைக்கும் கால் கட்டளை ஓடும் நேரத்தில், ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ஆர்எஸ்பி 16ஆல் வகுபட வேண்டும். இது இரு மரபிலும் உண்டு. கால் கட்டளை திரும்பும் முகவரியாக 8 பைட்டைத் தள்ளுவதால், ஃபங்ஷனுக்குள் நுழையும்போது 8 பைட் தள்ளி நிற்கும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் புஷ் செய்தால் (ஒவ்வொன்றும் 8 பைட்டை ஸ்டாக்கில் வைக்கும்) சரியாகும். இரட்டைப்படையானால் இன்னொரு 8ஐக் கழிக்க வேண்டும். தவறினால் பிரின்ட்எஃப் உள்ளே எங்கோ மூவ்ஏபிஎஸ் கட்டளையில் விழும். பிழை தேட உதவும் டீபக்கர் நூலகத்தைக் காட்டும், குற்றவாளி நாம்.

இரண்டாவது, விண்டோஸ் கேட்கும் நிழல் இடம். அழைப்பவர் 32 பைட்டை ஸ்டாக்கில் ஒதுக்கித் தர வேண்டும், ஆர்கியுமென்ட் ஒன்றுகூட இல்லாவிட்டாலும். அழைக்கப்பட்டவர் நான்கு ரிஜிஸ்டர்களையும் அங்கே கொட்டிவைக்க உரிமையுள்ளவர். ஒதுக்க மறந்தால் அவர் கொட்டுவது உங்கள் சேமிப்பின் மேலும் உங்கள் திரும்பும் முகவரியின் மேலும். இதில் வேடிக்கை, டீபக் கட்டமைப்பில்தான் கம்பைலர் அந்த இடத்தை உண்மையாகவே பயன்படுத்தும். ரிலீஸில் ஓடும், டீபக்கில் சாகும். எக்ஸ்எம்எம் பிழைக்கு நேர் எதிர். எதையும் புஷ் செய்யாத ஃபங்ஷனில் ஆர்எஸ்பியிலிருந்து 40ஐக் கழித்தால் நிழல் இடமும் ஒழுங்கும் ஒன்றாகச் சரியாகும். 32 மட்டும் கழித்தால் ஒழுங்கு கெடும். அதே நிழல் இடத்தால்தான் விண்டோஸில் ஐந்தாவது ஆர்கியுமென்ட், நுழைந்தவுடன் ஆர்எஸ்பி கூட்டல் 40இல் இருக்கும். சிஸ்டம் வியில் அது இன்னும் ரிஜிஸ்டரிலேயே வரும். இந்தத் தொல்லைக்காகவே நான்கு ஆர்கியுமென்ட்டுக்கு மேல் வேண்டாம் என்பேன். அதிகம் தேவைப்பட்டால் ஒரு ஸ்ட்ரக்ட் கட்டி அதன் முகவரியைக் கொடுங்கள். ஸ்ட்ரக்ட்டையே மதிப்பாக அனுப்பாதீர்கள், அதற்கு இரு மரபிலும் விதிகள் முற்றிலும் வேறு.

மூன்றாவது, ரெட் ஸோன். சிஸ்டம் வியில் ஆர்எஸ்பிக்குக் கீழே 128 பைட்டை, யாரையும் அழைக்காத ஃபங்ஷன் இடம் ஒதுக்காமலே பயன்படுத்தலாம். விண்டோஸில் அந்தச் சலுகை இல்லை. ஆர்எஸ்பிக்குக் கீழே இருப்பது எந்த நொடியும் அழியலாம். இந்தப் பிழை ஆயிரத்தில் ஒருமுறை தலைகாட்டும். தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

பிரின்ட்எஃப் போல எண்ணிக்கை மாறும் ஆர்கியுமென்ட் கொண்டவற்றை அசெம்பிளியிலிருந்து அழைத்தால் சிஸ்டம் வியில் ஏஎல்லில் எத்தனை எக்ஸ்எம்எம் பயன்படுகிறது என்று வைக்க வேண்டும். விண்டோஸில் டபுளை எக்ஸ்எம்எம்மிலும் அதே இடத்து முழு எண் ரிஜிஸ்டரிலும் இரட்டையாக வைக்க வேண்டும். இதற்குப் பதில், குறிப்பிட்ட ஆர்கியுமென்ட் கொண்ட ஒரு குட்டி சி ஃபங்ஷனை எழுதி அதை அழைப்பதே புத்திசாலித்தனம்.

ஸ்டாக்கைத் தொட்ட விண்டோஸ் ஃபங்ஷனுக்கு விவர அட்டவணை வேண்டும் என்றேன். அது இல்லாவிட்டால், பிழை ஏற்படும்போது இயங்குதளம் உங்கள் ஃபங்ஷனை ஸ்டாக்கே தொடாதது என்று எண்ணி, ஆர்எஸ்பி காட்டும் இடத்தையே திரும்பும் முகவரியாக எடுத்துக்கொள்ளும். அதன்பின் பிழைப் பிடிப்பு எங்கும் போய்ச் சேராது. மைக்ரோசாஃப்ட் அசெம்பிளரான எம்எல்64இல் ஃபிரேம் என்று அறிவித்து ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஒதுக்கீட்டுக்கும் ஒரு வரி சேர்ப்பதுதான் வழி. லினக்ஸில் இதே வேலையைச் சிஎஃப்ஐ வரிகள் செய்கின்றன. அவை இல்லாமலும் ஓடும், ஆனால் டீபக்கரில் அழைப்புச் சங்கிலி அறுந்து தெரியும்.

பெயரும் ஃபைலும்

லிங்கர் பெயரைக் காணோம் என்றால் பயப்பட வேண்டாம், இது சுலபமான ரகம். மேக்கில் ஒவ்வொரு சி பெயருக்கு முன்னும் ஓர் அடிக்கோடு சேரும். லினக்ஸில் சேராது. 64 பிட் விண்டோஸில் சேராது, 32 பிட்டில் சேரும். நாஸ்ம் என்ற அசெம்பிளரில் எல்லாப் பொதுப் பெயருக்கும் முன்னொட்டு சேர்க்கும் தெரிவு இருக்கிறது. மேக்கின் மேக்கோ வடிவத்துக்கு மட்டும் அதைக் கொடுத்தால் போதும். அழைப்பவர் சி++ என்றால் அறிவிப்பை எக்ஸ்டர்ன் சி என்று போடாவிட்டால் பெயரே உருமாறிப் போயிருக்கும். பெயர்ப் பட்டியல் காட்டும் என்எம் கட்டளையால் இரண்டு ஆப்ஜெக்ட் ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. விண்டோஸில் டம்ப்பின் அதைச் செய்யும்.

ஆர்_எக்ஸ்86_64_32 என்று தொடங்கும் ரீலொகேஷன் (முகவரித் திருத்தம்) புகார் வந்தால், அசெம்பிளியில் முழு முகவரியை நேராக எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். இன்றைய லினக்ஸ் விநியோகங்கள் நிரலை எந்த முகவரியிலும் ஏற்றக்கூடியதாகவே கட்டுகின்றன. நாஸ்ம் ஃபைலின் தலையில் டீஃபால்ட் ரெல் என்று ஒரு வரி போட்டால் முகவரிகள், அடுத்த கட்டளையைக் காட்டும் ஆர்ஐபியைச் சார்ந்தவையாகும். மூன்று இயங்குதளத்துக்கும் அது நல்லது.

லினக்ஸில் பலர் பொருட்படுத்தாத ஒரு எச்சரிக்கை, நோட் ஜிஎன்யு-ஸ்டாக் பிரிவு இல்லை என்பது. லிங்கர் அடங்கிய பின்யூட்டில்ஸ் தொகுப்பின் 2.39இலிருந்து லிங்கரே இதைச் சொல்கிறது. ஓர் அசெம்பிளி ஃபைலில் அந்த வெற்றுப் பிரிவு விட்டுப்போனால், மொத்த நிரலின் ஸ்டாக்கும் கட்டளைகளை ஓடவிடும் நிலைக்கு மாறிவிடும். பாதுகாப்பில் அது பெரிய ஓட்டை. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.41இலிருந்து, ஓடும்போது ஏற்றப்படும் நூலகம் அப்படிக் கேட்டால் ஏற்றுவதே தோல்வியடையும். ஃபைலின் கடைசியில் ஒரு வரி, போட்டுவிடுங்கள்.

ஓப்பன்பிஎஸ்டி இன்னும் கறார். 7.3 பதிப்பிலிருந்து, துணை செய்யும் சிப்களில் கட்டளைப் பகுதியைப் படிக்கவே விடாது, ஓட மட்டும் விடும். மாறிலிகளையும் தாவல் அட்டவணைகளையும் கட்டளைகள் இருக்கும் டெக்ஸ்ட் பிரிவிலேயே வைப்பது அசெம்பிளிக்காரர்களின் பழைய பழக்கம். அங்கே அது விழும். மாறிலிகளை லினக்ஸ், பிஎஸ்டியில் ரோடேட்டா, விண்டோஸில் ஆர்டேட்டா பிரிவில் வையுங்கள். 7.4இலிருந்து மறைமுகத் தாவல் வந்து சேரும் இடத்தில் எண்ட்பிஆர்64 கட்டளை இருந்தாக வேண்டும். ஃபங்ஷனின் முதல் வரியாக அதை எல்லா இடத்திலும் போட்டுவிடலாம். பழைய சிப்களில் அது ஒன்றுமே செய்யாது.

இயங்குதளத்தின் மையமான கெர்னலை நேரடியாக அழைக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ரைட் என்ற ஒரே வேலைக்கு லினக்ஸில் எண் 1, ஃப்ரீபிஎஸ்டியில் 4. பிழையை லினக்ஸ் எதிர்ம எண்ணாகச் சொல்லும். பிஎஸ்டியும் மேக்கும் கேரி கொடியில் சொல்லும். விண்டோஸில் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அசெம்பிளி கணக்குப் போடட்டும், வெளியுலகப் பேச்சைச் சி பார்த்துக்கொள்ளட்டும்.

ஆர்ம் பக்கம்

வேறு வகைச் சிப்பான 64 பிட் ஆர்மில் நிம்மதி அதிகம். நம் ஃபங்ஷனுக்கு லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஒரே விடை: எக்ஸ்0, எக்ஸ்1, டி0, எக்ஸ்2. எக்ஸ்19 முதல் 28 வரை காப்பாற்ற வேண்டும். மிதவை ரிஜிஸ்டர்களான வி8 முதல் வி15 வரை கீழ் 64 பிட் மட்டும். எக்ஸ்18ஐத் தொடவே வேண்டாம், விண்டோஸும் ஆப்பிளும் அதைத் தமக்கென்று வைத்திருக்கின்றன. நேன் விஷயத்தில் இங்கே ஒப்பீட்டுக்குப் பின் தவிர்ப்புக்கு வர வேண்டியது எல்இ நிபந்தனை. இன்டெல்லின் ஜேபிஇயைப் பார்த்து எல்எஸ் என்று மொழிபெயர்த்தால் நேன் உள்ளே புகுந்துவிடும்.

ஆப்பிள் இரண்டு இடத்தில் தனிவழி போகிறது. எண்ணிக்கை மாறும் ஆர்கியுமென்ட்கள் ரிஜிஸ்டரில் வராமல் ஸ்டாக்கில் வரும். எக்ஸ்1இல் எண்ணை வைத்து பிரின்ட்எஃப்பை அழைத்தால் குப்பை அச்சாகும். இன்னொன்று, அதன் அசெம்பிளரில் அரைப்புள்ளி குறிப்புரையின் தொடக்கம். லினக்ஸில் மேக்ரோவுக்குள் அரைப்புள்ளியால் கட்டளைகளை ஒரே வரியில் பிரித்திருந்தால், மேக்கில் முதல் கட்டளைக்குப் பின் எல்லாம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். அங்கே பிரிப்பான் இரட்டைச் சதவீதக் குறி. வரிக்கு ஒரு கட்டளை என்று எழுதிவிட்டால் இந்தப் பேச்சே இல்லை.

கையில் ஒரே இயந்திரம் இருந்தால்

விண்டோஸ் மரபைச் சோதிக்க விண்டோஸ் வேண்டியதில்லை. ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டும் ஒரு ஃபங்ஷன் அறிவிப்பில் எம்எஸ்_ஏபிஐ என்ற பண்பை ஏற்கும். லினக்ஸில் நாஸ்மை லினக்ஸின் எல்ஃப்64 வடிவத்துக்கே ஓட்டி, முகப்பு நான்கு வரியை விட்டுவிட்டு, அந்தப் பண்போடு அழைத்தால் கம்பைலர் விண்டோஸ் முறையிலேயே ஆர்கியுமென்ட் வைக்கும். இதற்கு எதிர்ப் பண்பு சிஸ்வி_ஏபிஐ. ஜிசிசியின் விண்டோஸ் வடிவமான மின்ஜிடபிள்யூவில் அதைப் போட்டால் லினக்ஸ் அசெம்பிளியை அப்படியே விண்டோஸில் அழைக்கலாம். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் இந்தப் பண்புகளை அறியாது. அதன் 64 பிட் வடிவம் சி நடுவே அசெம்பிளி எழுதவும் விடாது, தனி ஃபைல்தான்.

சோதனையில் விடையை மட்டும் பார்த்தால் போதாது. அழைக்கும் முன் காப்பாற்ற வேண்டிய ரிஜிஸ்டர் ஒவ்வொன்றிலும் அடையாளம் தெரிகிற ஒரு எண்ணை வைத்து, திரும்பியபின் ஒப்பிடும் ஒரு சின்ன அசெம்பிளி உறை எழுதுங்கள். விண்டோஸ் மரபுக்கு எக்ஸ்எம்எம்6 முதல் 15 வரையும் அதில் சேர வேண்டும். 32 பிட் ஆர்கியுமென்ட் இருந்தால் அதன் மேல் பாதியில் குப்பையை வேண்டுமென்றே நிரப்பி அனுப்புங்கள். வீடியோ மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் திட்டத்தின் செக்ஏஎஸ்எம் இந்த ரகச் சோதனைதான். மரபு வேறுபாட்டை மேக்ரோவுக்குள் மறைக்க அங்கே பயன்படும் எக்ஸ்86இன்க் ஃபைல், எக்ஸ்264 என்ற இன்னொரு வீடியோ மென்பொருளிலிருந்து வந்தது. ஃபங்ஷன்கள் பத்தைத் தாண்டினால் அதை எடுத்துக்கொள்வது நல்லது, இரண்டு மூன்றுக்கு அது அதிகம்.

ஆர்ம் ஃபைலை உபுண்டுவில், வேறு சிப்பைப் போல நடிக்கும் கியூஎம்யூவின் பயனர் முறையில் ஓட்டலாம். மேக் இல்லாதவர்களுக்கு, இணையத்தில் நிரலைக் கட்டி ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் உபுண்டு, விண்டோஸ், மேக் மூன்றும் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஒருமுறை, ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில் ஒருமுறை என்று ஆறு ஓட்டம் வையுங்கள். சி பக்கம் லிங்க் நேர ஆப்டிமைசேஷனும் பயன்படுத்தினால் ஏழாவது ஓட்டமாக அதையும் சேருங்கள்: அசெம்பிளி மட்டுமே அழைக்கும் சி ஃபங்ஷனை யாரும் அழைக்கவில்லை என்று எண்ணி அது தூக்கியெறிந்துவிடும், யூஸ்டு என்ற பண்பை அறிவிப்பில் சேர்க்கும்வரை.